பதித்த பிக்கப்பின் முன்பக்கம்: வீட்டில் வேலை செய்பவர்கள் விடும் பிழைகள்

போன மாதம் இணுவிலில் இருந்து இரண்டு பெடியள் ஒரு ஹைலக்ஸைக் கொண்டுவந்தார்கள். முன்னுக்கு ரோர்ஷன் பார் (முறுகிக் கொடுத்து ஸ்பிரிங்காக வேலை செய்யும் இரும்புத் தண்டு) உள்ள பழைய சிங்கிள் கப். இரண்டு அங்குலம் பதித்தது, அதாவது நிற்கும் உயரத்தைக் குறைத்தது. புதுச் சொக், புதுப் புஷ், புது போல் ஜொயின்ற் என்று முன்பக்கம் முழுவதையும் வீட்டு முற்றத்தில் மாமரத்துக்குக் கீழே வைத்துத் தாங்களே மாற்றியிருக்கிறார்கள். வேலை துப்புரவு. ஒரு நட்டின் விளிம்புகூட மழுங்கவில்லை. ஆனால் நாலு மாதத்தில் முன்பக்கம் கிறீச்சிடத் தொடங்கி, இடப்பக்கம் ஒரு விரற்கடை சரிந்துவிட்டது.

"அண்ணை, கள்ளச் சாமானைத் தந்திட்டாங்கள் போல" என்றான் மூத்தவன்.

கீழே படுத்து ரோச் அடித்துப் பார்த்தேன். சாமானில் ஒரு குறையும் இல்லை. 2010 இல் நான் விட்ட அதே பிழை அங்கே கிடந்தது. இந்த வருசத்தில் மட்டும் நான் பார்க்கிற மூன்றாவது வாகனம் இது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஜக்கை மட்டும் நம்பிக் கீழே படுக்கக் கூடாது, சீமெந்துக் கல்லில் வாகனத்தை நிறுத்தக் கூடாது, மணல் முற்றத்தில் ஸ்ராண்டுக்குக் கீழே பலகை வைக்க வேண்டும் என்பதெல்லாம் ஸ்பனர் பிடிக்கிற எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

சில்லு தொங்கும்போது புஷ் போல்ற்றை இறுக்குவது

முதலில் அந்தப் புஷ் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். சில்லைச் சேசியோடு இணைக்கும் இரும்புக் கைதான் கன்ரோல் ஆம். அதன் சேசிப்பக்க அடியில் இருக்கும் ரப்பர் புஷ்ஷுக்கு உள்ளே ஒரு இரும்புக் குழாய், வெளியே ஒரு இரும்பு வளையம், நடுவில் ரப்பர். பெரும்பாலானவற்றில் ரப்பர் இரண்டு இரும்போடும் ஒட்டி வார்க்கப்பட்டிருக்கும். போல்ற்றை இறுக்கியதும் உள்குழாய் சேசியின் பிராக்கெற்றுக்குள் நசிந்து பிடிபட்டுவிடும். அதற்குப் பிறகு அது சுழலாது. ஆம் மேலும் கீழும் ஆடும்போது உள்குழாய் அசையாமல் நிற்க, நடுவில் உள்ள ரப்பர்தான் முறுகிக் கொடுக்கிறது. பெயரிங் போல உருண்டு கொடுக்கிற சாமான் அல்ல அது. பலர் இதைப் பெயரிங் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பிழை அங்கேதான் தொடங்குகிறது.

வாகனம் ஸ்ராண்டில் நிற்கிறது. சில்லுக் கழற்றியாயிற்று. ஆம் கீழே தொங்குகிறது. புதுப் புஷ்ஷை அடித்து ஏற்றி, போல்ற்றைப் போட்டு, கை வசதியாக இருக்கும்போதே இறுக்கிவிடுகிறோம். அந்த நிமிடத்தில் தொங்குகிற நிலைதான் ரப்பருக்கு ஓய்வு நிலையாகிவிடுகிறது. வாகனத்தை நிலத்தில் இறக்கினால் ஆம் மேலே எழும்புகிறது. சும்மா நிற்கும்போதே ரப்பர் முறுகிக்கொண்டு நிற்கிறது. இரவு முழுக்க, கிழமை முழுக்க அப்படியே. அதற்கு மேல் ஒவ்வொரு பள்ளத்துக்கும் இன்னும் முறுகுகிறது.

பதித்த வாகனத்தில் இது ஏன் இரட்டிப்பாகக் கெடுக்கிறது என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆமின் நீளம் 35 செ.மீ. என்று வையுங்கள். பதிக்காத வாகனத்தில் ஆம் ஏறக்குறைய மட்டமாக நிற்கிறது, தொங்கும்போது நுனி 8 செ.மீ. கீழே போகிறது என்றால், ரப்பர் முறுகுவது 13 பாகை அளவு. அதே வாகனத்தை 5 செ.மீ. பதித்தால் ஆமின் நுனி மட்டத்துக்கு 5 செ.மீ. மேலே நிற்கும். தொங்கும் இடம் மாறவில்லை. இப்போது முறுக்கு 21 பாகைக்கு மேல். கொண்டாவில் ரயில் கடவையில் ஏறி இறங்கும்போது அதற்கும் மேலே போகும். கம்பனி உயரத்தில் நிற்கும் வாகனம் இந்தப் பிழையை ஒரு வருசமோ இரண்டு வருசமோ தாங்கக்கூடும். பதித்தது தாங்காது.

என் கதை இது. யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ-9 வீதி திரும்பத் திறந்த பிறகு, 2010 இல் கொழும்பில் இருந்து ஒரு ஹைலக்ஸ் எடுத்து வந்தேன். முதல் சொந்தக்காரர் பதித்து வைத்திருந்தார். புஷ் எல்லாம் செத்துப்போயிருந்ததால் புதுசு வாங்கி வீட்டிலேயே போட்டேன். முன்பக்கம் நான் நினைத்ததைவிட உயரமாக நின்றது. முறுகிய ரப்பரே ஒரு ஸ்பிரிங் போல வாகனத்தைத் தூக்கிப் பிடித்திருந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது. ரோர்ஷன் பாரைத் தளர்த்தி உயரத்தைக் குறைத்தேன். மூன்று மாதத்தில் ரப்பர் கிழியக் கிழிய வாகனம் தானாகவே இன்னும் பதிந்தது, அதுவும் இரண்டு பக்கமும் ஒரே அளவில் அல்ல. சொக் போய்விட்டது என்று சொக் மாற்றினேன். சரிவரவில்லை. பார் களைத்துவிட்டது என்று கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தைக்குப் போய்ப் பழைய பார் ஒரு சோடி வாங்கி வந்தேன். அதுவும் சரிவரவில்லை. பிறகு புஷ்தான் பழுது என்று இரண்டாம் தடவை புதுப் புஷ் போட்டேன். முதல் தடவை போட்ட அதே முறையில்! அந்த இரண்டாவது செற்றும் கிழிந்தபோது எனக்கு வந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. ஒரு ஸ்பனரை எப்போது திருப்புவது என்று தெரியாமல் சொக்கும் பாரும் இரண்டு செற் புஷ்ஷும் காசாகப் போனது.

கொண்டாவிலில் ஒரு பெரியவர் இருந்தார். போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பெற்றோல் கிடைக்காதபோது ஒஸ்ரின், மொரிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓட வைத்தவர். அவரிடம் கொண்டுபோனேன். அவர் கீழே குனியக்கூட இல்லை.

"நட்டை எப்ப இறுக்கினனீ? சில்லுத் தொங்கேக்கையோ, நிலத்திலை நிக்கேக்கையோ?"

"தொங்கேக்கை" என்றேன்.

ஸ்பனரை எடுத்து நீட்டினார். வாகனம் சில்லில் நிற்க, கீழே புகுந்து லோவர் ஆமின் நட்டைத் தளர்த்தச் சொன்னார். அரைச் சுற்றுத்தான் திருப்பியிருப்பேன். 'டக்' என்று ஒரு சத்தம். போல்ற்றைச் சுற்றி நசிபட்டு நின்ற உள்குழாய் சட்டென்று உருண்டு தன் இடத்துக்குப் போனது. கண்ணுக்கு முன்னால் மட்காட் கீழே இறங்கியது. ரோச் அடித்துப் பார்த்தால், உள்குழாயைச் சுற்றி ரப்பர் பிறைபோல வாய் பிளந்து, பிராக்கெற்றின் அடியில் கறுப்புத் தூள் மையைப் போல ஒட்டியிருந்தது. இணுவில் பெடியளின் வாகனத்திலும் அதே பிறை, அதே கறுப்புத் தூள்.

சரியான முறை கஷ்டமானதல்ல. எதையும் கழற்ற முன்னம், வாகனம் நிலத்தில் நிற்கும்போது சில்லின் நடுவில் இருந்து மட்காட் விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்து எழுதி வையுங்கள். உயரத்தை மாற்றப் போகிறீர்கள் என்றால், மாற்றிய பிறகு வர வேண்டிய அளவையும் எழுதுங்கள். புஷ் எல்லாம் ஏற்றி, போல்ற்றுகளைப் போட்டு, நட்டைக் கையால் ஓட்டி இலேசாகத் தொடும் அளவுக்கு மட்டும் விடுங்கள். சில்லைப் பூட்டி இறக்குங்கள். பதித்த வாகனத்துக்குக் கீழே கையே போகாது. ஆகவே இறக்குவதற்கு முன்னமே இரண்டு முன் சில்லுக்குக் கீழேயும் ஒரே தடிப்பில் அகலமான பலகைகளை அடுக்கி, அதன் மேல் இறக்குங்கள். பின் சில்லுக்கு முன்னும் பின்னும் தடை வைக்க வேண்டும். சேசிக்குக் கீழே ஸ்ராண்டை முட்டாமல், ஒரு விரல் இடைவெளியில் காவலுக்கு விடுங்கள். முன்பக்கத்தை நாலைந்து தடவை அமுக்கி விட்டு அளவைப் பாருங்கள். எழுதி வைத்த அளவு வந்ததும், அப்போதுதான், ரோர்க் ரென்ச்சால் உங்கள் வாகனத்தின் கைநூல் சொல்லும் அளவுக்கு இறுக்க வேண்டும்.

பலகை வசதி இல்லாவிட்டால் ஸ்ராண்டில் நிற்கும் வாகனத்தின் லோவர் ஆமை, சில்லுப்பக்க நுனியில் உள்ள போல் ஜொயின்ற்றுக்குக் கிட்டவாக ஜக்கால் உயர்த்தி, மட்காட் அளவு வரும் இடத்தில் இறுக்கலாம். ஒரு பக்கம் மட்டும் உயர்த்தும்போது இரண்டு பக்க ஆமையும் தொடுக்கும் ஸ்ரெபிலைசர் பாரின் லிங்கைக் கழற்றி விடுங்கள், இல்லாவிட்டால் அது எதிர்த்து நிற்கும். வாகனம் ஸ்ராண்டை விட்டுக் கிளம்புகிறதா என்று ஒரு கண் வைத்திருங்கள்.

இன்னொன்று. பிறகு எப்போதாவது ரோர்ஷன் பாரைத் திருப்பி உயரத்தை மாற்றினால், புஷ் போல்ற்றுகளையும் நிலத்தில் வைத்தே தளர்த்தித் திரும்ப இறுக்க வேண்டும். இதைச் செய்கிறவர்களை நான் மிக அரிதாகவே பார்த்திருக்கிறேன். சரியாகப் புஷ் போட்டவர்கள்கூட, இரண்டு மாதம் கழித்து "இன்னும் கொஞ்சம் பதிப்பம்" என்று பாரை மட்டும் திருப்பிவிட்டு வருகிறார்கள்.

பொலியூரித்தேன் புஷ்ஷில் பெரும்பாலும் உள்குழாய் தனியாகச் சுழலும். அதற்கு இந்த முறுக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் அதனோடு வரும் கிறீஸைப் பூசாமல் போட்டால் கத்தும். ரப்பர் புஷ்ஷுக்கு எண்ணெயோ கிறீஸோ வேண்டாம். சவர்க்காரத் தண்ணீர் போதும்.

பம்ப் ஸ்ரொப்பை வெட்டி எறிவது

ரோர்ஷன் பாரைத் தளர்த்தினால் ஸ்பிரிங்கின் பலம் மாறுவதில்லை, ஆம் நிற்கும் இடம்தான் மாறுகிறது. ஆமுக்கும் பம்ப் ஸ்ரொப்புக்கும் (ஆம் அளவுக்கு மேல் எழும்பாமல் தடுக்கும் ரப்பர்த் துண்டு) நடுவில் இருந்த இடைவெளி சுருங்கிவிடுகிறது. சின்னப் பள்ளத்துக்கும் போய் முட்டுகிறது. "சொக் கல்லாப் போச்சு" என்று சொல்லிக்கொண்டு வருகிற வாகனங்களில் பாதியில் சொக் நன்றாகவே இருக்கிறது, முட்டுகிறது பம்ப் ஸ்ரொப். அதற்காக அதைக் கழற்றி எறிந்தால் இரும்பும் இரும்பும் அடிபட்டு சேசியில் உள்ள பிராக்கெற் வெடிக்கும். கட்டையான பம்ப் ஸ்ரொப்பாகத் தேடிப் போடுங்கள். பதித்த வாகனத்தில் அது கடைசி ஆபத்துக்கு மட்டும் இருக்கிற சாமான் அல்ல, ஒவ்வொரு நாளும் வேலை செய்கிற இரண்டாவது ஸ்பிரிங்.

பழைய நீளத்துச் சொக்கை வாங்குவது

பதித்த வாகனத்தில் கம்பனி நீளத்துச் சொக் எப்போதும் பாதி மடங்கியே நிற்கும். பெரிய அடி ஒன்றுக்குப் பிஸ்ரன் அடியில் போய் இடித்து, உள் வால்வு உடையும். வாங்க முன்னம், பாரின் முறுக்கை முழுவதும் எடுத்துவிட்டு, சொக் இல்லாமல் ஆமைப் பம்ப் ஸ்ரொப் வரை ஜக்கால் உயர்த்தி, சொக்கின் மேல் துளைக்கும் கீழ்த் துளைக்கும் உள்ள தூரத்தை அளக்க வேண்டும். வாங்கும் சொக் முழுவதும் மடங்கிய நீளம் அந்த அளவைவிட ஒரு விரற்கடையாவது குறைவாக இருக்க வேண்டும். தொங்கும் நிலையிலும் அளந்து, சொக் அதுவரை எட்டுகிறதா என்றும் பாருங்கள். கடைக்காரர் "இது ஹைலக்ஸுக்குத்தான்" என்பார். அவர் சொல்வது உண்மைதான், ஆனால் உங்கள் ஹைலக்ஸ் கம்பனி உயரத்தில் இல்லை.

இடப்பக்கத்துப் பாரை வலப்பக்கம் போடுவது

நுனியில் அடையாளம் இருக்கும். வாசியுங்கள்.

பார் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் முறுகுவதற்கென்றே பழக்கி எடுக்கப்பட்டது. மாறிப் போட்டால் தளர்ந்துபோகும், அல்லது முறியும். கழற்ற முன்னம் பாரின் நுனியில் உள்ள பல்லுக்கு நேரே இரண்டு பக்கமும் பெயின்ற் புள்ளி வையுங்கள். முறுக்கு முழுவதையும் எடுக்காமல் ஆமையோ போல் ஜொயின்ற்றையோ கழற்றாதீர்கள். அந்தப் பாருக்குள் அடங்கி நிற்பது வாகனத்தின் ஒரு மூலைப் பாரம்.

துருப்பிடித்த போல்ற்றுக்குக் காஸ் பிடிப்பது

பண்ணைப் பாலத்தால் தீவுப்பக்கம் ஓடிய வாகனங்களிலும், வல்வெட்டித்துறைக் கடற்கரை வீதியில் நிற்கிற வாகனங்களிலும் போல்ற் உள்குழாயோடு சேர்ந்து உப்புத் துருவில் ஒட்டிப்போயிருக்கும். நெருப்பைப் பிடித்தால் பக்கத்தில் உள்ள பிரேக் ஹோஸும் புஷ்ஷும் போகும். காஸ் அடைத்த சொக் வெடிக்கவும் கூடும். துரு இளக்கும் எண்ணெயை மூன்று நாள் காலையும் மாலையும் விடுங்கள். அவசரம் என்றால் போல்ற்றை வாளால் அறுத்துப் புதுசு போடுங்கள்.

பிரேக் கலிப்பரை அதன் ஹோஸில் தொங்கவிடுவது

கம்பியால் கட்டுங்கள்.

நட்டுக் கழராமல் பூட்டும் ஸ்பிளிட் பின்னைத் திரும்பப் பாவிப்பது

வேண்டாம்.

உயரம் நிலைக்க முன்னம் அலைன்மென்ற் (சில்லு நேர் பார்ப்பது) செய்வது

ஒழுங்கு இதுதான்: உயரம், பிறகு புஷ் இறுக்குவது, பிறகு இரண்டு மூன்று நாள் ஓடுவது, திரும்ப அளப்பது, கடைசியில் அலைன்மென்ற். பதிக்கும்போது சில்லைத் திருப்பும் தண்டான ரை ரொட்டின் சரிவு மாறுகிறது, அதோடு சில்லின் நேரும் மாறுகிறது. புஷ் கிழிந்துகொண்டிருக்கும் வாகனத்துக்கு அலைன்மென்ற் செய்த காசு கடலில் போட்ட காசு. ரயரின் உள்விளிம்பு ஒரு மழைக்காலம் முடிய முன்னமே கம்பி தெரியத் தேய்ந்துவிடும்.

அலைன்மென்ற் செய்யும் இடம்வரை ஓடிப் போவதற்காவது வீட்டில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு முன் ரயரின் நடுவிலும் சோக்கால் ஒரு கோடு போட்டு, சில்லின் நடு உயரத்தில் முன்பக்கமாக இரண்டு கோட்டுக்கும் உள்ள தூரத்தை அளவுங்கள். சில்லு அரைச் சுற்று உருளும்வரை வாகனத்தைத் தள்ளுங்கள். இப்போது அதே கோடுகள் பின்பக்கமாக வந்திருக்கும். திரும்ப அளவுங்கள். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் சில்லு உள்ளே பார்க்கிறதா வெளியே பார்க்கிறதா என்பது.

இணுவில் பெடியள் சனிக்கிழமை திரும்ப வந்தார்கள். புதுப் புஷ் போட்டு, பலகையில் ஏற்றி, மட்காட் அளவு இரண்டு பக்கமும் ஒத்து வந்ததும் நட்டை மூத்தவனே இறுக்கினான். முன்சில்லு 9 மி.மீ. விரிந்து நின்றது. ரை ரொட்டைத் திருப்பி 2 மி.மீ. அளவுக்குக் கொண்டுவந்து அனுப்பினேன். மட்காட் அளவைப் பொனற்றின் உள்பக்கத்தில் வெள்ளைப் பெயின்ற்றால் எழுதிவிட்டுத்தான் போனார்கள்.