திருகைத் தொடும் முன்

செங்கோட்டையில் சாரல் ஓய்ந்ததும் பழைய பிலிம் கேமராக்கள் அலமாரியை விட்டு வெளியே வருகின்றன. கூடவே ஒரு புகாரும் வருகிறது: ரேஞ்ச்ஃபைண்டரில், அதாவது இரண்டு பிம்பங்களை ஒன்றாகப் பொருத்தி ஃபோகஸ் செய்யும் அமைப்பில், பிம்பங்கள் அச்சாகப் பொருந்துகின்றன, படமோ மங்கல். உடனே திருப்புளியைத் தேடுவதுதான் முதல் தவறு.

இந்தக் கேமராவில் கண் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. லென்ஸ் நகர்வதை ஒரு நெம்புகோல் தொட்டறிந்து உள்ளே இருக்கும் கண்ணாடியையோ பட்டகத்தையோ அசைக்கிறது. கோளாறு அந்த அமைப்பில் இருக்கலாம், லென்ஸிலும் இருக்கலாம். லென்ஸின் குறையை ரேஞ்ச்ஃபைண்டர் திருகால் ஈடுகட்டினால், வேறு லென்ஸ் மாட்டும் நாளில் அதுவும் தப்பும்.

ஆகவே முதலில் லென்ஸைச் சோதியுங்கள். பின்கதவைத் திறந்து, ஷட்டரை ‘பி’யில் (பொத்தானை அழுத்தியிருக்கும்வரை திறந்தே இருக்கும் நிலையில்) நிறுத்தி, துவாரத்தை முழுதாகத் திறந்து, தேய்த்த கண்ணாடித் துண்டு ஒன்றைச் சொரசொரப்பான பக்கம் லென்ஸை நோக்க வையுங்கள். பிலிம் படியும் உள்விளிம்புகளில்தான் வைக்க வேண்டும். வெளிவிளிம்புகள் சற்று உயரமானவை. அங்கே வைத்தால் சோதனையே பொய்யாகிவிடும். லென்ஸை முடிவிலியில் (மிகத் தொலைவுக்கான ∞ குறியில்) நிறுத்தி, தொலைவிலுள்ள மலைமுகட்டை நோக்கி, கண்ணாடியில் விழும் பிம்பத்தை உருப்பெருக்கியால் பாருங்கள். மலைமுகடு கூர்மையாக விழுந்தால் லென்ஸில் குற்றமில்லை.

அடுத்தது ரேஞ்ச்ஃபைண்டர்: லென்ஸ் முடிவிலியில் இருக்கையில் தொலைப்பொருளின் இரு பிம்பங்களும் பொருந்த வேண்டும். அதற்கு எதிர்வீட்டுத் தென்னை போதாது. 20 மீட்டரில் நின்ற தென்னையை வைத்து நான் ஒருமுறை ரேஞ்ச்ஃபைண்டரைச் சரிசெய்தேன். பிறகு ஒரு காதுகுத்தில், 50 மில்லிமீட்டர் லென்ஸை எஃப்/2-இல் திறந்து, 2 மீட்டர் தள்ளி நின்று எடுத்தேன். குழந்தையின் முகம் கலங்கியிருந்தது. மடியில் வைத்திருந்த தாய்மாமனின் சட்டைப் பொத்தான் துல்லியமாக இருந்தது. கணக்கும் அதையே சொல்கிறது: அந்தத் தென்னையால் ஃபோகஸ் ஒரு சாண் பின்னுக்குப் போகும். புளியரைப் பக்கம் வயல்களுக்கு அப்பால் தெரியும் தொலைமுகட்டைப் பாருங்கள், அல்லது நிலாவை.

முடிவிலி சரியானபின் 1 மீட்டரிலும் பாருங்கள். லென்ஸின் முனையிலிருந்து அளக்காதீர்கள். பிலிம் தளத்திலிருந்து அளக்க வேண்டும். முடிவிலி சரியாக இருந்து கிட்டத்தில் மட்டும் தப்பினால் நெம்புகோலைத் திருத்த வேண்டியிருக்கும். அது பழகிய மெக்கானிக்கின் கைவேலை. பிம்பம் மேல்கீழாக விலகியிருப்பது கண்ணை உறுத்துமே தவிர ஃபோகஸைக் கெடுக்காது.

ஒளியைப் பாதி கடத்திப் பாதி பிரதிபலித்து இரு பிம்பங்களையும் சேர்க்கும் பாதிப் பூச்சுக் கண்ணாடி சாரல் ஈரத்தில் மங்கியிருந்தால் துணியால் தேய்க்காதீர்கள். மெல்லிய பூச்சு அழுக்கோடு சேர்ந்து வந்துவிடும். பிறகு இரண்டாம் பிம்பமே கண்ணுக்குத் தெரியாது.