ஒவ்வாமையைத் தூண்டும் பொருளைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஒவ்வாமைச் சிகிச்சைப் பிரிவில் செவிலியராகப் பணிபுரிகிறேன். "சிறு வயதிலிருந்தே இதைச் சாப்பிடுகிறேன், இது காரணமாக இருக்கவே முடியாது" என்று உறுதியாகச் சொல்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அந்த உறுதியினாலேயே உண்மையான காரணம் பல மாதங்கள் அகப்படாமல் போகிறது. எனவே, தேடத் தொடங்குமுன் உடலுக்குள் நடப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

நிலக்கடலை, மகரந்தம், பூனையின் உமிழ்நீர் என எதுவானாலும், அதிலுள்ள ஒரு புரதத்தை நோய் எதிர்ப்பு மண்டலம் பகையாக எடுத்துக்கொண்டால், அதற்கென்றே ஐஜிஇ என்னும் எதிர்ப்பொருளை உருவாக்குகிறது. தோல், மூக்கு, நுரையீரல், குடல் ஆகியவற்றில் உள்ள மாஸ்ட் செல்கள் என்னும் நோய் எதிர்ப்புச் செல்களின் மேல் அது ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். இந்தக் கட்டத்தில் ஓர் அறிகுறியும் தெரியாது. பிறகொரு நாள் அதே புரதம் உள்ளே வந்து, அருகருகே இருக்கும் எதிர்ப்பொருள்களை இணைத்துப் பிடித்ததும், செல் தன்னிடமுள்ள ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருளைக் கொட்டிவிடுகிறது. நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிந்து நீர் கசிவதால் தடிப்பும் வீக்கமும், நரம்பு முனைகள் தூண்டப்படுவதால் அரிப்பும் தும்மலும், மூச்சுக்குழாய்த் தசைகள் இறுகுவதால் இளைப்பும் வருகின்றன. இந்த மாற்றம் எந்த வயதிலும் தொடங்கலாம்.

உங்கள் கையிலுள்ள சிறந்த துப்பு, நேரம். உணவு ஒவ்வாமை பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து 2 மணி நேரத்துக்குள் வெளிப்படும். ஆகவே ஒரு நோட்டில் சாப்பிட்ட நேரத்தையும் அறிகுறி தொடங்கிய நேரத்தையும் தனித்தனியே எழுதுங்கள். "மதியம் ஏதோ சாப்பிட்டேன், அரித்தது" என்ற குறிப்பால் பயனில்லை. "1.10 பிஸ்கட், 1.25 உதடு வீக்கம்" என்று எழுதி, அந்த பிஸ்கட் உறையையும் பத்திரப்படுத்துங்கள். வலி மாத்திரை, காய்ச்சல், உடற்பயிற்சி ஆகியவற்றையும் சேர்த்தே குறியுங்கள். சிலருக்கு இவை எதிர்வினையைக் கடுமையாக்கும். தடிப்பைப் புகைப்படம் எடுத்துவிடுங்கள், மருத்துவரிடம் போவதற்குள் அது மறைந்துவிடக்கூடும்.

நேரம் சில சமயம் ஏமாற்றவும் செய்யும். முதல் எதிர்வினை அடங்கிய சில மணி நேரத்தில் இரண்டாம் அலையாக மூக்கடைப்போ இளைப்போ திரும்பலாம். பகலில் மகரந்தத்தைச் சுவாசித்தவர் இரவு உணவைக் குறை சொல்வது இதனால்தான். விழித்தவுடனே தும்மல் அடுக்கடுக்காக வருகிறதா? மெத்தையிலும் தலையணையிலும் வாழும் தூசிப் பூச்சிகளைச் சந்தேகியுங்கள். விரிப்புகளை 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் அவை சாகும்.

நோட்டைக் காட்டியபின் மருத்துவர் தோல் குத்துப் பரிசோதனை செய்யச் சொல்லலாம். முன்கையில் பேனாவால் அடையாளமிட்டு, சந்தேகமான பொருள்களின் கரைசலைச் சொட்டுச் சொட்டாக வைத்து, ஒவ்வொன்றின் வழியாகவும் தோலை லேசாகக் குத்துவோம். 15 முதல் 20 நிமிடத்தில் கொசுக்கடி போன்ற தடிப்பு எழுகிறதா என்று அளப்போம். ஒவ்வாமை மாத்திரை சாப்பிட்டிருந்தால் தடிப்பு எழாமல் போகலாம்; அதை எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்று முன்கூட்டியே கேளுங்கள். தடிப்பு எழுந்தால் ஐஜிஇ இருக்கிறது என்றுதான் பொருள். அந்த உணவைச் சாப்பிட்டுத் தொந்தரவே வராதவர்களுக்கும் தடிப்பு எழுவதுண்டு. அதனால், நீண்ட பட்டியலைப் பரிசோதித்து, வந்த முடிவை மட்டும் வைத்துக் குழந்தையின் தட்டிலிருந்து உணவுகளை ஒவ்வொன்றாக நீக்குவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். வளரும் உடலுக்கு அது கேடு.

சந்தேகமான உணவை வீட்டில் சாப்பிட்டுச் சோதிக்காதீர்கள். அந்தச் சோதனை மருத்துவமனையில்தான் நடக்க வேண்டும். தொண்டை இறுகுதல், மூச்சுத் திணறல், மயக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் ஒவ்வாமை மாத்திரையை நம்பிக் காத்திருக்க வேண்டாம். மருத்துவர் எழுதிக்கொடுத்த அட்ரினலின் ஊசியைத் தொடையின் வெளிப்பக்கத்தில் உடனே போட்டு, ஆம்புலன்ஸை அழையுங்கள். நோயாளியைப் படுக்க வையுங்கள். மூச்சுத் திணறினால் உட்காரலாம், எழுந்து நடக்கக் கூடாது. ஊசி போட்ட நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 5 நிமிடத்துக்குப் பிறகும் குணம் தெரியாவிட்டால், இரண்டாவது ஊசி இருந்தால் அதையும் போடுங்கள்.