தெருவிளக்கு எரியவில்லையா? சென்னையில் புகார் செய்யும் முறை

சென்னையில் தெருவிளக்கு அணைந்துபோனால் பலரும் முதலில் மின்வாரியத்தைத்தான் அழைக்கிறார்கள். ஆனால் தெருவிளக்குகளைப் பராமரிப்பது மாநகராட்சி என்பதால், 1913 என்ற எண்ணில்தான் புகார் செய்ய வேண்டும். வீடுகளிலும் சேர்ந்து மின்சாரம் போயிருந்தால் மட்டும், மின்வாரியத்தின் ‘மின்னகம்’ சேவையை 94987 94987 என்ற எண்ணில் அழைக்கலாம்.

அழைப்பதற்கு முன் கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைப் பகலிலேயே குறித்துக்கொள்ளுங்கள்; டியூஷன் விளம்பரமோ கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியோ அதை மறைத்திருக்கக்கூடும். எண் அழிந்திருந்தால், எதிர்வீட்டுக் கதவு எண்ணைப் பழையதா புதியதா என்று தெளிவுபடுத்தி, குறுக்குத்தெருவின் பெயரோடும் வார்டு எண்ணோடும் சேர்த்துச் சொல்லுங்கள். “பிள்ளையார் கோயில் பக்கத்தில்” என்று மட்டும் சொன்னால், எந்தப் பிள்ளையார் என்று ஊழியருக்கு எப்படித் தெரியும்?

அவர்கள் தரும் புகார் எண்ணைக் கட்டாயம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்; இரண்டாம் முறை அழைக்கும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

கம்பத்தின் அடிப்பெட்டி திறந்து கம்பி வெளியே தெரிந்தால், குறிப்பாக மழைத்தண்ணீர் தேங்கியிருக்கும்போது, அருகில் போகாமல், பிள்ளைகளையும் விலக்கி நிறுத்திவிட்டு உடனே தகவல் சொல்லுங்கள்.