பொட்டலம் கட்டும் நூலில் நிலை அலை: அலை வேகத்தை வீட்டிலேயே அளப்பது எப்படி?

கொழிஞ்சாம்பாறையில் என் வீட்டுத் திண்ணையில்தான் இந்தச் சோதனையை மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுவேன். பாலக்காடு மாவட்டத்தில் தமிழில் படிக்கிற பிள்ளைகள் இவர்கள். "நிலை அலை" என்ற சொல்லைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தவர்கள், அதைக் கண்ணால் பார்த்ததும் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். நூலில் ஓடும் அலையை யாராலும் பிடிக்க முடியாது. அதை ஓடாமல் ஒரே இடத்தில் ஆடுகிற நிலை அலையாக நிற்க வைத்துவிட்டால் சாதாரண டேப்பால் அதன் வேகத்தை அளந்துவிடலாம்.

வேண்டியவை: பலசரக்குக் கடையில் பொட்டலம் கட்டும் பருத்தி நூல், பழைய ஹோம் தியேட்டரின் வூஃபர் என்கிற பெரிய ஸ்பீக்கர் (ஆம்ப்ளிஃபையரோடு), ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சின்னக் கப்பி, ஒரு தண்ணீர் பாட்டில், டேப். போனில் அதிர்வெண்ணை (நொடிக்கு எத்தனை அதிர்வு என்பதை, ஹெர்ட்ஸில்) எண்ணாகக் கொடுத்தால் ஒலி எழுப்பும் செயலி ஒன்றைப் போட்டு, போனை ஆம்ப்ளிஃபையரோடு இணைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை நூலை எடைபோடுவது. அவசரப்படவே கூடாத இடம் இது. ஒரு மீட்டர் நூலைச் சமையலறைத் தராசில் வைத்தால் எண் அசையாது. அதனால் 10 மீட்டர் அளந்து வெட்டி, நகைக்கடைக்கு எடுத்துப் போங்கள். எனக்கு 5.0 கிராம் வந்தது. அதாவது மீட்டருக்கு 0.5 கிராம், கிலோகிராமில் 0.0005. நீள் நிறை அடர்த்தி என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான். மழைக்காலத்தில் பருத்தி நூல் ஈரத்தை இழுத்து எடை கூடும். எடைபோடும் அன்றே சோதனையையும் முடித்துவிடுங்கள்.

இனி கட்டுவது. வூஃபரை மேல்நோக்கி மல்லாத்தி வைத்து, கூம்பின் நடுவில் வெற்று ரீஃபில் துண்டு ஒன்றை நிமிர்த்தி ஒட்டுங்கள். நூலின் ஒரு நுனியை வூஃபருக்குப் பின்னால் மேசையில் அடித்த ஆணியில் கட்டி, ரீஃபிலின் தலையில் ஒரு சுற்றுப் போட்டு, மறுமுனையைக் கப்பி மேல் விட்டுப் பாட்டிலைத் தொங்கவிடுங்கள். இழுவையை ஆணி தாங்க வேண்டும், கூம்பு தாங்கக் கூடாது. ரீஃபிலிலிருந்து கப்பி வரை 1.20 மீட்டர் வைத்தேன்.

பாட்டிலும் தண்ணீரும் சேர்த்து 200 கிராம். இந்த "சேர்த்து" முக்கியம். முதல் தடவை 200 மில்லி தண்ணீரை மட்டும் கணக்கில் எடுத்து, 20 கிராம் பாட்டிலை விட்டுவிட்டேன். அளந்த வேகம் கணக்கை விட ஐந்து விழுக்காட்டுக்குக் கிட்டே கூடி நின்றது. காரணம் தேடி ஒரு மாலை முழுக்கப் போயிற்று.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நூலை ஆட்டிவிடும். ஜன்னலைச் சாத்துங்கள். ஒலியளவைக் குறைவாக வைத்து 30 ஹெர்ட்ஸில் தொடங்கி, ஒவ்வொரு ஹெர்ட்ஸாக ஏற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் மூன்று நான்கு நொடி பொறுங்கள். முதலில் நூல் சும்மா நடுங்கும். 49, 50 என்று வரும்போது புடைக்கத் தொடங்கி, 51-இல் இரண்டு புடைப்பாக விரிந்து, நடுவில் ஒரு புள்ளி அப்படியே நிற்கும். கரும்பில் இருப்பது போலவே அதற்கும் கணு என்றுதான் பெயர். புடைப்பின் நடு எதிர்க்கணு. இன்னும் ஏற்றிப் போனால் 77-இல், "சார், நூலு மூணாப் பிரிஞ்சிருச்சுங்க!" என்று கத்தினாள் ஒரு சிறுமி. 103-இல் நான்கு.

கணு எங்கே என்று கண்ணை நம்ப வேண்டாம். காகிதத்தைச் சின்ன V வடிவில் மடித்து நூல்மேல் சவாரி ஏற்றுங்கள். எதிர்க்கணுவில் துள்ளி விழும், கணுவில் உட்கார்ந்தே இருக்கும். வூஃபர் பக்கத்துக் கணு ரீஃபிலுக்குச் சரியாக நேராக இருக்காது, கொஞ்சம் தள்ளி அமையும். அதனால் மூன்று, நான்கு புடைப்பு இருக்கும்போது கப்பிப் பக்கத்துக் கணுக்களுக்கு இடையே அளப்பது நல்லது.

அடுத்தடுத்த இரண்டு கணுக்களுக்கு இடையே உள்ள தூரம் அரை அலைநீளம். மூன்று புடைப்பில் அது 0.40 மீட்டர் என்றால் அலைநீளம் 0.80. அதை அதிர்வெண்ணான 77-ஆல் பெருக்கினால் வேகம் நொடிக்கு 61.6 மீட்டர். இரண்டு புடைப்பில் 61.2, நான்கில் 61.8. புடைப்பின் எண்ணிக்கை மாறியும் வேகம் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்பதைக் கவனியுங்கள். அதிர்வெண் ஏறினால் அலைநீளம் சுருங்குகிறது, அவ்வளவுதான். வேகத்தைத் தீர்மானிப்பது நூலும் இழுவிசையும்.

அதையும் சரிபார்த்துவிடலாம். இழுவிசையை நீள் நிறை அடர்த்தியால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் வேகம் வர வேண்டும். இழுவிசை, 0.2 கிலோகிராமைப் புவியீர்ப்பு முடுக்கமான 9.8-ஆல் பெருக்கினால், 0.2 × 9.8 = 1.96 நியூட்டன். அதை 0.0005-ஆல் வகுத்தால் 3920, அதன் வர்க்கமூலம் 62.6. ஒரு பக்கம் டேப்பும் போனும், மறுபக்கம் தராசு மட்டும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு வழிகள் ஏறக்குறைய இரண்டு விழுக்காட்டுக்குள் வந்து சந்திக்கின்றன. மிச்ச வித்தியாசத்தில் கப்பியின் உராய்வுக்கும் பங்கு உண்டு. அச்சில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பாருங்கள்.

1859-இல் ஜெர்மானிய இயற்பியலாளர் ஃபிரான்ஸ் மெல்டே இசைக்கவையில் (தட்டினால் ஒரே சுருதியில் அதிரும் உலோகக் கவையில்) நூலைக் கட்டிச் செய்த சோதனையின் வழிவந்ததுதான் இது. தம்புராவில் பிருடையை முறுக்கினால் சுருதி ஏறுவதும் இதே கணக்கு. கர்நாடக இசைப் பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர் பிறந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு அதைச் சொன்னால் உடனே பிடிபடுகிறது.

இப்போது 103 ஹெர்ட்ஸை மாற்றாமல், பெரிய பாட்டில் மாட்டி எடையை 800 கிராம் ஆக்குங்கள். நான்கு புடைப்பு இரண்டாகிவிடும். எடை நான்கு மடங்கானால் வேகம் இரண்டு மடங்கு.

அடுத்து, அதே நூலை இரட்டையாக முறுக்கிக் கட்டி, பழைய 200 கிராமையே தொங்கவிடுங்கள். மீட்டருக்கு எடை இரட்டிப்பதால் வேகம் 44.3-க்கு இறங்க வேண்டும். மூன்று புடைப்பை 55 ஹெர்ட்ஸ் அருகே தேடுங்கள். முறுக்கும்போது நூல் கொஞ்சம் குறுகும், அதனால் மீண்டும் ஒரு தடவை எடைபோட்டுவிட்டுத் தொடங்குங்கள்.