ஜிராவில் முதல் ஸ்பிரிண்ட் போடுவது எப்படி?

ஜிரா என்பது டீமின் வேலைகளைப் பட்டியலிட்டுக் கண்காணிக்கும் மென்பொருள். ஸ்க்ரம் என்பது வேலையைச் சின்னச் சின்னக் காலத் துண்டுகளாகப் பிரித்துச் செய்யும் முறை, அந்த ஒவ்வொரு துண்டும் ஒரு ஸ்பிரிண்ட். ஜிராவில் ஸ்க்ரம் புராஜெக்ட் திறந்ததும் எல்லோரும் நேராக போர்டுக்கு (எந்த வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும் பக்கம்) போய்ப் பார்ப்போம், அது காலியாகத்தான் இருக்கும். வேலை பேக்லாக்கில்தான் (செய்ய வேண்டியவற்றின் பட்டியல்) தொடங்குகிறது.

முதலில் பேக்லாக்கில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு டிக்கெட் போட்டு, அவசரமானதை மேலே இழுத்து வையுங்கள். வெறுமனே "லாகின் பக்கம்" என்று எழுதினால் அது எப்போது முடிந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. "பாஸ்வேர்டை மறந்தவருக்கு மெயிலில் லிங்க் போக வேண்டும்" என்று எழுதினால் டெஸ்டிங் செய்பவருக்கும் புரியும்.

அடுத்து ஸ்டோரி பாயிண்ட். 1, 2, 3, 5, 8, 13 என்று போடுவார்கள். இது மணிக்கணக்கு இல்லை, ஒரு வேலையை இன்னொன்றோடு ஒப்பிட்டுச் சொல்லும் அளவு. 13 வந்தால் அந்த டிக்கெட்டை இரண்டு மூன்றாக உடைத்துவிடுவது நல்லது.

இப்போது 'கிரியேட் ஸ்பிரிண்ட்' அழுத்தி டிக்கெட்டுகளை அதற்குள் இழுத்துப் போடுங்கள். எவ்வளவு போடுவது? பெரும்பாலான டீம்கள் சறுக்குவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். போன மூன்று ஸ்பிரிண்டில் முடித்தது 18, 22, 20 பாயிண்ட் என்றால் இந்த முறையும் 20தான், மேலிருந்து யார் கேட்டாலும் 30 என்று ஒத்துக்கொள்ளாதீர்கள், டீமில் ஒருவர் லீவு என்றால் அதிலும் குறையுங்கள். முதல் ஸ்பிரிண்ட் என்றால் பழைய கணக்கு இருக்காது, குறைவாகவே எடுங்கள்.

சரி, 'ஸ்டார்ட் ஸ்பிரிண்ட்' அழுத்தினால் காலமும் இலக்கும் கேட்கும். இரண்டு வாரம் போதும் (ஸ்க்ரம் விதிப்படி ஒரு மாதத்தைத் தாண்டக் கூடாது). இலக்கை ஒரே வரியில் எழுதுங்கள், காலியாக விடாதீர்கள்.

அப்புறம் தினமும் 15 நிமிடம், போர்டை எல்லோரும் பார்க்கும்படி வைத்துப் பேசுங்கள். வலது பக்கத்திலிருந்து, முடியப்போகும் வேலையிலிருந்து ஆரம்பியுங்கள். மிச்சமுள்ள பாயிண்ட் எப்படிக் குறைகிறது என்று கோடாகக் காட்டும் பர்ன்டவுன் சார்ட்டும் தினமும் பாருங்கள். எங்கள் டீமில் ஒருமுறை கோடு ஒரு வாரமாக இறங்கவே இல்லை. கோடிங் எல்லாம் முடிந்து போர்டில் டெஸ்டிங் என்ற நெடுவரிசையில் குவிந்து கிடந்தது. கடைசி நெடுவரிசைக்குப் போனால்தான் ஜிரா அதை முடிந்ததாகக் கணக்கில் எடுக்கும். நடுவில் புது டிக்கெட் சேர்த்தால் கோடு மேலே ஏறும், அதையும் கவனியுங்கள்.

கடைசி நாளில் 'கம்ப்ளீட் ஸ்பிரிண்ட்'. மிச்சமுள்ளதை அடுத்த ஸ்பிரிண்டுக்கா பேக்லாக்குக்கா என்று கேட்கும். நான் பேக்லாக்குக்கே அனுப்புவேன், அடுத்த பிளானிங்கில் அது இன்னும் தேவையா என்று புதிதாகப் பார்க்கலாம். பாதி முடிந்த டிக்கெட்டுக்குப் பாதி பாயிண்ட் மட்டும் போட்டுக்கொள்ளாதீர்கள், அடுத்த முறை எவ்வளவு எடுப்பது என்ற கணக்கே தப்பாகிவிடும்.