இரைப்பை அழற்சியை மருத்துவர் உறுதிசெய்யும் முறையும் நீங்கள் செய்ய வேண்டிய ஆயத்தமும்

மேல்வயிற்று வலி கடுமையாக இருந்தும் இரைப்பையின் உட்சுவர் நலமாக இருப்பதுண்டு; வலியே இல்லாமல் அழற்சி முற்றியிருப்பதும் உண்டு. ஆகவே, 'கேஸ்ட்ரிக்' என்று நாமே முடிவுசெய்து மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்குவதைவிட, சிங்கப்பூரிலுள்ள பலதுறை மருந்தகத்திலோ (பாலிகிளினிக்) குடும்ப மருத்துவரிடமோ காட்டுவதே முறை.

அங்கு முதலில் நடப்பது விசாரணைதான். ஐபுப்ரோஃபென், டைக்லோஃபெனாக், ஆஸ்பிரின் போன்ற வலிநிவாரணிகள் இரைப்பையைப் புண்படுத்தக்கூடியவை என்பதால், ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரைகளும் நாட்டு மருந்துகளும் உட்பட, உட்கொள்ளும் அனைத்தையும் அட்டையோடு எடுத்துச் சென்று காட்டுங்கள். மலம் கறுத்திருந்தால் கூறத் தவறாதீர்கள். அது இரத்தக்கசிவாக இருக்கலாம், இரும்புச்சத்து மாத்திரையின் விளைவாகவும் இருக்கலாம். இரத்த வாந்தி எடுத்தாலோ, வலியோடு நெஞ்சு இறுகி வியர்த்தாலோ காத்திராமல் அவசர மருத்துவ வண்டிக்கு 995ஐ அழையுங்கள். மாரடைப்பும் சில வேளைகளில் வயிற்றெரிச்சல் போலவே தொடங்கும்.

அடுத்து, அழற்சிக்கு முக்கியக் காரணமான ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமி தேடப்படும். யூரியா கலந்த திரவத்தையோ மாத்திரையையோ உட்கொண்டபின் வெளிவிடும் மூச்சை ஆராய்வது ஒரு வழி. மலத்தில் கிருமியின் கூறுகளைத் தேடுவது மற்றொன்று. பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் ஓமெப்ரசோல் வகை மாத்திரைகளைப் பரிசோதனைக்கு 2 வாரங்களுக்கு முன்பும், நுண்ணுயிர்க்கொல்லிகளை 4 வாரங்களுக்கு முன்பும் நிறுத்தாவிட்டால், கிருமி இருந்தும் இல்லை என முடிவு வரக்கூடும். எதை எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். இதயத்திற்கான ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தவே கூடாது.

எடை குறைதல், விழுங்கச் சிரமம், இரத்தசோகை ஆகியவை இருந்தாலோ, வயது கூடியவராக இருந்தாலோ, மருத்துவர் உங்களை எண்டோஸ்கோபிக்கு (வாய்வழியே கேமரா பொருத்திய குழாயைச் செலுத்தி இரைப்பையைப் பார்க்கும் பரிசோதனைக்கு) அனுப்புவார். பொதுவாக 6 முதல் 8 மணி நேரம் உண்ணாதிருக்க வேண்டும். மயக்க ஊசி போட்டால் வீட்டுக்கு அழைத்துச் செல்ல ஒருவர் தேவை. கேமராவில் சிவந்து தெரிவது மட்டும் அழற்சிக்குச் சான்றாகாது. இரைப்பையின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து கிள்ளியெடுத்த திசுவை நுண்ணோக்கியில் பார்த்த பிறகே அது உறுதியாகும். திசு எடுக்கும்போது வலிக்காது. இதற்கு அஞ்சிப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

கிருமிக்குச் சிகிச்சை முடிந்ததும், குறைந்தது 4 வாரங்கள் கழித்து மூச்சுப் பரிசோதனை மீண்டும் செய்யப்படும். வலி அடங்கிவிட்டாலும் அதற்குச் செல்லுங்கள்.