சத்தம் போடாத 'நாய்சம்'

போன வாரம் திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு ஆங்கிலம் எழுதிக்கொடுக்கும் பையன் ஒருவன் தன் வரைவைக் காட்டினான். விசைத்தறிகள் சத்தம் போடுபவை என்று சொல்ல நினைத்து 'நாய்சம்' (noisome) என்று அடைமொழி போட்டிருந்தான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் நான் அடித்த அதே கூத்து. எழுத்துப்பிழையைக் கம்ப்யூட்டரே திருத்திவிடும், அதை விடுங்கள். பொருள் தெரியாமல் சொல்லைப் போடும் தப்புகள்தான் இங்கே பேச்சு.

பாதிச் சொல்லைப் பார்த்துப் பொருள் சொல்வது

பல்லடம் பக்கம் ஒரு தறிக்காரருக்கு அறிமுகக் கையேடு எழுதினேன். தறிக்குடோனுக்குள் நின்றால் பக்கத்து ஆள் பேசுவது காதில் விழாது. அதைச் சொல்ல 'நாய்ஸி' (noisy) போதும். எனக்கோ மேதாவித்தனம் காட்ட ஆசை. 'நாய்சம்' என்று போட்டேன். 500 பிரதி அச்சாகிவிட்டது. துணி வாங்கும் வெளிநாட்டு பையர் (buyer) கேட்ட முதல் கேள்வி, துணியில் வாடை வருமா என்பது. தறிக்காரர் போனில் பிடித்துக்கொண்டார்: "ஏனுங்க தம்பி, நம்ம குடோன் நாறுதுன்னா எழுதி வெச்சிருக்கீங்க?" மறு அச்சுக்கூலி என் தலையில். காசு போனதுகூடப் பரவாயில்லை. அந்தச் சொல்லைப் பார்த்தாலே இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

நாய்சத்துக்கும் சத்தத்துக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. குமட்டும் நாற்றமுடையது, கேடு செய்வது என்பதே பொருள். தொல்லை கொடுப்பதைச் சொல்லும் 'அனாய்' (annoy), இடைக்கால ஆங்கிலத்தில் தலை தேய்ந்து 'நாய்' ஆனது (நம் காதுக்குக் குரைக்கத்தான் செய்யும்). அதோடு 'சம்' ஒட்டிக்கொண்டது. அனாய் வந்தது பழைய பிரெஞ்சிலிருந்து; அதற்கும் அடியில் இருப்பது 'இன் ஓதியோ' என்ற லத்தீன் தொடர், 'வெறுப்பில்' என்று அர்த்தம். 1611இல் வந்த ஆங்கில பைபிளில், 91ஆம் சங்கீதத்தில் கொள்ளைநோய்க்கு அடைமொழியாக நிற்பது இதுதான். தமிழ் பைபிளில் அந்த இடத்தில் 'பாழாக்கும்' என்று இருக்கும். நொய்யல் ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கிக் கிடந்த காலத்தில் கரையில் நின்றவருக்கு இந்தச் சொல்லுக்கு அகராதியே தேவையில்லை.

ஒலி ஒத்தால் உறவு என்பது

நோய், நொய்யல், நாய்சம் மூன்றையும் ஒரே கொடியில் கட்டாதீர்கள்.

அகராதி பார்க்காமல் பாராட்டுவது

'ஃபுல்சம்' (fulsome) இதன் பங்காளி. மனசு நிறையப் பாராட்டுகிறோம் என்று பையருக்கு நன்றி மெயிலில் போடுவீர்கள். அவர் அதை, காரியம் ஆகக் காக்காய் பிடிப்பதாக எடுத்துக்கொள்ளலாம். சொல் பிறந்தபோது 'ஏராளமான' என்றுதான் இருந்தது; அப்புறம்தான் திகட்டிப்போய்விட்டது.